கிராம்பு குத்திய மூடி

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் தணித்துவிட்டே வாருங்கள். பாதியில் எழுந்து ஓடினால் கதை கோபித்துக்கொள்ளும். ஓர் ஆப்பிளின் தலையை யார் மாற்றி வைத்தது என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

ஒரு வீட்டில் மாமியார், இரண்டு மகன்கள், அவர்களுடைய மனைவிமார் என்று ஐந்து பேர்; அங்கே போன ஞாயிறு நடந்தது இது. சாயங்கால டீக்கு எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது மாமியாருக்கு நாக்கு வறண்டு, தலை சுற்றி, சக்கர நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்து விரலில் குத்திப் பார்த்தார்.

"சக்கரை எக்கச்சக்கமா ஏறியிருக்கு. இவங்களுக்கு இனிப்பு குடுத்தது யாரு?"

யாரும் கொடுக்கவில்லை. சிக்கலே அங்கேதான்.

அந்த வீட்டில் ஞாயிறு என்றால் ஓவனில் ஆப்பிள். ஐந்து பேருக்கு ஐந்து. தலையை மூடி போலச் சீவி எடுத்து, அடிப்பக்கம் ஓட்டை விழாமல் நடுவைத் தோண்டி, அந்தக் குழியில் பேரீச்சை, திராட்சை, உலர்ந்த ஆப்ரிகாட், வால்நட், பாதாம், ஒரு சிட்டிகை பட்டைப்பொடி என்று அடைத்து, தேனும் வெண்ணெயும் விட்டு, மூடியைத் திரும்ப வைத்து வேகவைப்பார்கள். நான்கு ஆப்பிளுக்கு இப்படி. ஐந்தாவது மாமியாருடையது. அதில் வெறும் பருப்பும் பட்டையும்தான். தேன் கிடையாது, பழமும் கிடையாது.

மூடி போட்டபின் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்கு மாமியாரே செய்துவைத்த ஏற்பாடு ஒன்று உண்டு. இனிப்பில்லாத ஆப்பிளின் மூடியில், காம்புக்குப் பக்கத்தில் ஒரு கிராம்பைக் குத்திவிடுவது. பல வருஷமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

போன ஞாயிறு மாமியார் தின்ற ஆப்பிளின் மேலே கிராம்பு இருந்தது. உள்ளே தேனும் இருந்தது.

டாக்டர் போனபின் தட்டுக் கழுவியது மூத்த மருமகள். அவளுக்குத் தெருமுனையில் தையல் கடை. கோடு போட்ட துணி வந்தால், பையில் இருக்கிற கோடும் சட்டையில் இருக்கிற கோடும் ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும் அவளுக்கு. ஒரு நூல் விலகினாலும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி தைப்பாள். அந்தக் கண்ணுக்குத்தான் அது பட்டது. மாமியார் தட்டில் மிச்சமிருந்த தோல் மஞ்சள், அதில் மெல்லிய சிவப்புக் கீற்று. மூடியோ அடர் சிவப்பு.

கோடு சேரவில்லை.

மூடி தானாக மாறாது. கை வேண்டும். அன்றைக்கு ஆப்பிள்களைத் தட்டில் எடுத்துவைத்த கை இளைய மருமகள் சின்னவளுடையது.

சின்னவளுக்கு மருந்துக்கடையில் வேலை. எது சர்க்கரையை ஏற்றும், எது இறக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். அவளும் அவள் புருஷனும் ஊரின் அந்தக் கோடியில் தனி வீடு பார்த்து வைத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் விரிசல் விட்டதால்தான் அது தள்ளிப்போயிருந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி ஐந்து வாரமாகிறது. "கால் ஊன முடியலப்பா" என்கிறார் மாமியார்.

'ஓவன் பக்கத்தில் நிற்பது நான். அத்தைக்கு ஏதாவது ஆனால் பழி என் தலையில். அதைச் சாக்கு வைத்து இவள் கிளம்பிவிடலாம்.' இந்த நினைப்பு ஒரு வாரமாகப் பெரியவளின் நெஞ்சில் ஊசி மாதிரி நின்றது. பஸ் ஓட்டுகிற கணவனிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள்.

"போன ஞாயிறு உங்க ஆப்பிள் இனிச்சுதா?"

"ஆப்பிளா? நாம ஆப்பிளா சாப்ட்டோம்?"

இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன துப்புத் துலக்குவது! கடைசியில் வாய்விட்டே சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை டீக்கு தம்பியும் இருப்பான். கேக்கறதா இருந்தா எல்லார் முன்னாடியும் கேட்டுடு. இல்லன்னா இதோட விட்டுடு. மனசுல வெச்சுக்கிட்டு ஒரே அடுப்புல நிக்காத" என்றார்.

கேட்டால் வீடு இரண்டாகும். கேட்காவிட்டால் அத்தைக்கு மறுபடியும் ஏதாவது ஆகலாம். அந்த ஞாயிறு விடிந்துவிட்டது.

மதியம் சமையலறைக்குள் வந்த சின்னவள் வழக்கம்போல முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"அக்கா, நான் தோண்டவா?"

"வேணாம். இன்னிக்கு நானே பார்த்துக்கறேன்."

"அஞ்சும் நீங்களேவா? கை வலிக்குமே."

"கத்திரி பிடிச்ச கைதானே. வலிக்காது."

"சரி, பாதாமாவது நறுக்கறேன்."

"நறுக்கியாச்சு."

"வால்நட்?"

"உடைச்சாச்சு."

"அப்ப நான் நின்னு வேடிக்கை பாக்க வேண்டியதுதான்."

"பாரு. பாக்கறதுக்குக் காசா கேட்டேன்?"

சின்னவள் நின்றாள். நன்றாகவே நின்றாள். பெரியவள் குனிந்து ஆப்பிளைக் குடையும்போது பிடரியில் அவள் பார்வை ஈ போல உட்கார்ந்தது. இதே சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் தையல் கடைக்கு வந்து, பேச்சுத் துணைக்கு பட்டன் தைத்துக் கொடுத்தவள். ஆறு வருஷத்தில் இருவருக்கும் நடுவே மனஸ்தாபம் என்று ஒன்று வந்ததில்லை. இப்போது ஒருத்தி கையை ஒருத்தி கண்காணிக்கிறாள்.

"தேன் பாட்டில் எங்கக்கா? எடத்துல காணோம்."

"உனக்கு எதுக்கு?"

"சும்மா கேட்டேன். கேக்கக்கூடாதா?"

தேன், பேரீச்சை, திராட்சை, ஆப்ரிகாட் எல்லாம் பெரியவளின் தையல் பைக்குள் இருந்தன. அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். இன்றைக்கு ஐந்து ஆப்பிளிலும் இனிப்பே கிடையாது. எவள் எந்த மூடியை எங்கே மாற்றினாலும் அத்தைக்குக் கெடுதல் வராது. மாற்றினது மட்டும் தெரிய வேண்டும். அதற்காகவே கடையில் நின்று பொறுக்கி, ஐந்தையும் ஐந்து முகமாக வாங்கியிருந்தாள். ஒன்று முழுச் சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று மஞ்சளில் கீற்று, ஒன்று பாதி வெளுப்பு, ஒன்று கன்னத்தில் தவிட்டு நிறப் புள்ளி. பச்சை அத்தைக்கு.

"மாடியில துணி காயுது. மழை வர்ற மாதிரி இருக்கு. எடுத்துட்டு வந்துடேன்."

சின்னவள் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். பளிச்சென்று வெயில் அடித்தது.

"நான் இல்லாதப்பதான் அடைக்கணுமாக்கா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் படியேறியதும் பெரியவள் மளமளவென்று வேலையைப் பார்த்தாள். குழிக்குள் எலுமிச்சையைத் தடவி, பருப்பையும் பட்டைப்பொடியையும் விரலால் அழுத்தி அடைத்தாள். கோட்டோடு கோடு சேர்த்து மூடியை வைத்தாள். தோல் வெடிக்காமல் இருக்க ஒவ்வொன்றின் இடுப்பைச் சுற்றியும் கத்தி முனையால் மெல்லிய கீறல். பச்சைத் தலையில் கிராம்பு. தட்டத்தில் ஒரு விரற்கடை தண்ணீர். ஓவன் கதவைச் சாத்தியபோது உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"பெரியவளே, ஆப்ரிகாட் போடலியா? வாசனையே வரலியே!"

"இப்பத்தானே வெச்சிருக்கேன் அத்தை. வேகட்டும்."

மாமியார் முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். ஊரார் பேச்சு முழுவதும் அந்தக் காதைத் தாண்டித்தான் போனது. காது அப்படி. மூக்கு காதுக்கு அக்கா.

முக்கால் மணி கழித்து ஆப்பிள்கள் சுருங்கிப் பளபளத்து வெளியே வந்தன. கூடத்து அலமாரி மேல் ஐந்து தட்டில் ஆற வைத்தாள். அரை மணி ஆறினால்தான் வெட்டும்போது உள்ளே இருப்பது சிதறாது. அந்த அரை மணிதான் அவளுக்கு வேண்டியது.

"கடை வரைக்கும் போயிட்டு வரேன். ஒரு பிளவுஸுக்கு ஹூக் வைக்கணும்" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"நானும் கிளம்பறேன்க்கா, கடையில ஏதோ ஸ்டாக் பாக்கணுமாம்" என்று சின்னவளும் பையைத் தோளில் மாட்டினாள்.

'போவதுபோலப் போய்த் திரும்பி வருவாள்' என்று நினைத்துக்கொண்டே பெரியவள் வாசல் வழியாகப் போனாள். தெருமுனை வரை நடந்து, சந்து வழியாகத் திரும்பிப் பின்கதவால் உள்ளே வந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் நுழைந்தாள். அந்த அறைக்கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தால் கூடத்து அலமாரி நேர் எதிரே தெரியும்.

உள்ளே கும்மிருட்டு. மாவு மூட்டை மேல் கையை ஊன்றிக்கொண்டாள். மூட்டை வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சும் விட்டது.

"அக்கா, அது என் தோள்."

பெரியவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"நீ இங்க என்ன பண்ற?"

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"நான் முதல்ல கேட்டேன்."

"நான் முதல்ல வந்தேன்."

கத்தவும் முடியாது. கிசுகிசுப்பாகச் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

"உன்னைக் கையும் களவுமா பிடிக்க வந்தேன். போதுமா?"

"என்னையா? நான் உங்களைப் பிடிக்க வந்தேன்!"

"நான் அத்தைக்கு இனிப்பு வைப்பேனாடி?"

"ஓவன்ல வைக்கறது நீங்க. கிராம்பு குத்தறது நீங்க. இன்னிக்கு என்னைக் கிட்டயே சேக்கல, தேனை ஒளிச்சு வெச்சீங்க, வெயில்ல மழை வருதுன்னு மாடிக்கு அனுப்பினீங்க. நான் யாரைச் சந்தேகப்படட்டும், கிராம்பையா?"

பெரியவள் அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள். தான் அவளைப் பார்த்த அதே கண்ணால்தான் அவளும் தன்னைப் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்குள் கூடத்தில் சத்தம் கேட்டது. சக்கரம் உருளும் சத்தம் இல்லை. வெறுங்கால் சத்தம்.

இருவரும் இடுக்கில் கண்ணை வைத்தார்கள், ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே.

மாமியார் நடந்து வந்தார்.

சுவரைப் பிடிக்கவில்லை, நாற்காலியைத் தொடவில்லை. கூடத்தின் நடுவில் நின்று, காதில் இன்னும் ஹெட்போன் மாட்டியிருப்பது போலத் தலையைச் சாய்த்து வீட்டின் அமைதியைக் கேட்டார். திருப்தியாகி அலமாரிக்குப் போனார். பச்சை மூடியைக் காம்பைப் பிடித்து எடுத்தார். பக்கத்துச் சிவப்பு ஆப்பிளின் மூடியையும் எடுத்தார். தலை மாறியது. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். போகிற வழியில், கோணலாக இருந்த மிதியடியைக் காலாலேயே நேராக்கிவிட்டு அறைக்குள் மறைந்தார்.

சின்னவளின் கை பெரியவளின் கைக்குள் எப்போது வந்தது என்று இருவருக்குமே தெரியாது.

"நடக்கறாங்கக்கா."

"ம்."

"நான் தோள்ல தாங்கித் தாங்கி, தோளே இறங்கிப்போச்சு."

"என் இடுப்பைக் கேளு."

"ஏன்க்கா இப்படி? இனிப்பு ஆசைன்னு வெச்சுக்கலாம். நடக்கறதை ஏன் மறைக்கணும்?"

கேட்டு முடிக்குமுன் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவரு ஃபோன்ல சொன்னாரு, புது வீட்டு ஓனர்கிட்ட. 'அம்மா எழுந்து நடந்ததும் நாங்க குடிவந்துடறோம்'னு. அத்தை ரூம் வாசல்ல நின்னுதான் பேசினாரு."

அத்தை எழுந்து நடந்தால் இவர்கள் போய்விடுவார்கள். ஆகவே அத்தை நடக்கவில்லை. நடக்காதவர் அலமாரிக்குப் போய் மூடியை மாற்றியிருக்கவும் முடியாது. ஆகவே ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை. பெரியவளுக்குத் துணி முழுவதும் விரித்துப் போட்டதுபோல் தெரிந்தது.

பாவம் என்று தோன்றியது. கோபமும் வந்தது, வராமல் இருக்குமா? இரண்டு பெண்கள் ஒருத்தியிடம் ஒருத்தி வெடுக்கென்று பேசிக்கொண்டதை ஏழு நாள் அந்தக் காது கேட்டுக்கொண்டுதானே இருந்தது!

"சொல்லிடலாமாக்கா?"

பெரியவள் யோசிக்குமுன் வாசல் மணி அடித்தது. ஆண்கள் இருவரும் வந்துவிட்டார்கள்.

டீ மேஜை. மாமியாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார் மூத்த மகன். ஐந்து தட்டும் வைத்தாயிற்று. மாமியார் முன்னால், சிவப்பு உடம்பும் கிராம்பு குத்திய பச்சைத் தலையுமாக ஓர் ஆப்பிள். அவர் முதல் கரண்டி எடுத்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவது வழக்கம்.

மூத்தவர் மனைவியைப் பார்த்தார். 'கேக்கப்போறியா?' என்றது பார்வை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குள் லிஃப்ட் மெக்கானிக்கான இளையவன் சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜை நடுவில் வைத்தான்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். நாளைக்கு லாரி வருது. அம்மாவையும் கூட்டிட்டுப் போறோம்."

"அம்மாவையா? இந்த நிலைமையிலயா?"

"இந்த நிலைமையிலதான். இந்த கிச்சன்ல யாரு என்ன கலக்கறாங்கன்னு தெரியல. அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு எங்கம்மா உசுரு முக்கியம்."

"என்னங்க பேசறீங்க!" என்று சின்னவள் பதறினாள்.

"நீதானே வியாழக்கிழமை சொன்ன, 'அக்கா மேலதான் சந்தேகமா இருக்கு'ன்னு?"

சின்னவளின் முகம் வெளுத்துப்போனது. மூத்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"யாரைப் பார்த்துடா சொல்ற? உனக்கும் சேத்து சோறு போட்ட கைடா அது! இவளுக்கும் உன் பொண்டாட்டி மேல சந்தேகம் இருக்கு. நான்தான் அடக்கி வெச்சிருந்தேன். சொல்லட்டுமா?"

"சொல்லேன்!"

"உக்காருங்கடா ரெண்டு பேரும்" என்றார் மாமியார். பிள்ளைகளின் வாயை அடைக்க வேறு வழி தெரியாமல் அவசரமாக ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். முகம் சுருங்கியது.

"என்ன பெரியவளே, இதுல இனிப்பே இல்ல?"

எழுந்து நின்ற மூத்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"ஏம்மா," என்றார் மூத்தவர் மெதுவாக, "உன் ஆப்பிள்ல என்னிக்கு இனிப்பு இருந்துது?"

பெரியவள் அத்தையைப் பார்த்தாள். சொல்லிவிட ஒரு நொடி போதும். எதிரே சின்னவளும் உதட்டைக் கடித்துக்கொண்டு இவள் முகத்தையே பார்த்தபடி இருந்தாள்.

"அஞ்சுலயும் இனிப்பு போடல அத்தை," என்றாள் பெரியவள். "இன்னிக்கு யாரு எதை எடுத்தாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான்."

சொல்லிவிட்டு, அத்தையின் தட்டை மட்டும் மெல்லத் திருப்பி வைத்தாள், சிவப்பும் பச்சையும் சேராத இடம் அத்தையின் கண்ணுக்கு நேரே வரும்படி.

மாமியார் அந்த இடத்தைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்த இரண்டு மருமகள்களையும் பார்த்தார்.

"பார்த்தியாண்ணா? மறுபடியும் யாரோ மாத்தி வெச்சு..." என்று இளையவன் ஆரம்பித்தான்.

"யாரோ இல்லடா."

கரண்டியைக் கீழே வைத்தார். மேஜை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றினார். எழுந்து நின்றார்.

"அம்மா, விழுந்துடுவே!" என்று இளையவன் பாய்ந்தான்.

"தள்ளுடா."

ஒன்று, இரண்டு, மூன்று. மேஜையைச் சுற்றி நடந்து மூத்த மகனின் தட்டருகே போனார். பச்சை ஆப்பிளின் மேலிருந்த சிவப்பு மூடியை எடுத்தார். திரும்பி நடந்துவந்து தன் சிவப்பு ஆப்பிளின் மேல் அதை வைத்து, சரியாகப் பொருந்தும்வரை சுற்றினார். கால் தடுமாறவே இல்லை.

"கோடு சேருதா பாரு பெரியவளே."

பெரியவள் குனிந்து பார்த்தாள். "சேருது அத்தை."

"போன வாரமும் நான்தான். ஒரே ஒரு தடவை தேனா சாப்பிடலாம்னு நாக்கு கேட்டுது. அப்புறம் சொல்ல வாய் வரல. சொன்னா இந்தக் காலையும் சேத்துல்ல சொல்லணும்? உங்க ரெண்டு பேரையும் ஒருத்தி மேல ஒருத்தி சந்தேகப்பட விட்டுட்டு உள்ள படுத்துக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்தேன். என்னைத் திட்டுங்க."

யாரும் திட்டவில்லை. இளையவன்தான் நம்ப முடியாமல் அம்மாவின் பாதத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"அப்ப... நடக்கறே."

"நடக்கறேன்."

"நீ நடந்ததும் போலாம்னுதான் இருந்தோம்."

"தெரியும்டா. கேட்டேன்."

மாமியார் உட்காரவில்லை. நின்றபடியே மேஜை நடுவில் கிடந்த சாவியைப் பார்த்தார். மூத்தவரும் அதைத்தான் பார்த்தார். தடுக்க இனி ஒரு காரணமும் அந்த வீட்டில் மிச்சமில்லை. காலை லாரி வரும்.

பெரியவள் தையல் பையைத் திறந்து, தேன் பாட்டிலை எடுத்துச் சின்னவளுக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள்.

சின்னவளின் கை நீண்டது. தேனைத் தாண்டிப் போய்ச் சாவியின் மேல் கவிழ்ந்து மூடிக்கொண்டது. சற்றுமுன் இருட்டில் பெரியவளின் கையை இறுகப் பற்றியிருந்த அதே கை. கிளம்பலாம் என்று சாவியை எடுத்துப் புருஷனிடம் நீட்டப்போகிறாளா, லாரி வேண்டாம் என்று தன் இடுப்பில் செருகிக்கொள்ளப்போகிறாளா என்று பெரியவளால் அந்தக் கோட்டை மட்டும் படிக்க முடியவில்லை.

அந்தக் கை அப்படியே இருக்கட்டும் கண்ணுகளா, நாம் எழுந்துகொள்வோம். உங்கள் வீட்டு மேஜையில் எத்தனை தட்டு உண்டோ அத்தனையும் நிறையட்டும். உங்கள் பெரியவர்களின் காலுக்கு வலு இருக்கட்டும், அதை மறைக்க அவர்களுக்கு ஒரு காரணமும் வராமல் போகட்டும். ஒரே அடுப்பில் நிற்கிற கைகள் ஒன்றையொன்று நம்பி நிற்கட்டும். நன்றாக இருங்கள்.